பழைய இசைத்தட்டின் தரம் அறிதல்

மாணவர்களே, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் 'கீறல் விழுந்த இசைத்தட்டு' என்று கேலி செய்வது நம்மிடையே உள்ள வழக்கு. இவ்வழக்கைத் தாராளமாகக் கையாளும் உங்களிற் பலர், அத்தகைய தட்டு எழுப்பும் ஒலியை ஒரு முறையேனும் கேட்டிருக்க மாட்டீர்கள். தட்டையே கையால் தொட்டறியாதவரும் இருப்பீர்கள். ஆயினும் இசைத்தட்டு மறைந்தொழிந்த பொருளன்று. அமெரிக்க நாட்டில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் வினைல் தட்டுகள் விற்பனையாயின. குறுந்தகடுகள் 3 கோடியே 30 இலட்சமே விற்றன. எண்ணிக்கையில் தட்டு குறுந்தகட்டை முந்தியது 1987ஆம் ஆண்டுக்குப் பின்னர் அதுவே முதன்முறை. நம் நாட்டிலும் கல்லூரியிற் பயிலும் இளைஞர்கள் பழைய தட்டுகளைத் தேடி வாங்குகின்றனர். பரண்மேற் கிடந்த பெட்டியை இறக்கி, பாட்டனார் சேர்த்து வைத்தவற்றை விற்க முற்படுவோரும் உளர்.

சென்னை மூர் மார்க்கெட்டு 1985ஆம் ஆண்டில் தீக்கு இரையாகும் வரை, பழைய தட்டுகள் விற்கும் கடைகள் அங்கே இருந்தன. வாங்குபவர் தட்டை உறையிலிருந்து உருவி, வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்து, குறை சொல்லிப் பேரம் பேசி வாங்குவார். இன்றோ விற்பவர் ஓர் ஊரிலும் வாங்குபவர் மற்றோர் ஊரிலுமாக இருந்துகொண்டு, எழுதப்பெற்ற இரண்டொரு சொற்களை நம்பியே பணம் கைமாறுகிறது. ஆதலின் தட்டின் நிலையைத் தேர்ந்து அறிவதும், அறிந்ததைப் பிறருக்கு விளங்கச் சொல்வதும் முன்னையினும் இன்றியமையாதன ஆகிவிட்டன. அவ்விரண்டையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பது எவ்வகைத் தட்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும். கனமாகவும் தடிப்பாகவும் இருந்து, சிறிதும் வளைந்து கொடுக்காமல், கைதவறி விழுந்தால் ஓடுபோல் உடைவது அரக்குத் தட்டு. நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது இது. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. உலகின் இசைத்தட்டுத் தொழில் அரை நூற்றாண்டுக் காலம் அப்பிசினை நம்பியிருந்தது. அதில் மிகப் பெரும் பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்தே சென்றது. பக்கத்திற்கு மூன்று நிமிடப் பாட்டு ஒன்று, அவ்வளவுதான் பத்து அங்குல அரக்குத் தட்டிற் கொள்ளும். 1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம், நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் வினைல் நெடுந்தட்டை வெளியிட்டது. பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்கும் மேல் இசை கொள்ளும் அத்தட்டு, இலேசாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருந்தது. மேனாடுகளில் அரக்குத் தட்டு பெரும்பாலும் வழக்கொழிந்த பின்னரும் இந்தியாவில் அது நீடித்தது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் பாடிய பாடல்கள் 1960களின் நடுவில் நம் நாட்டில் 78 சுற்றுத் தட்டுகளாக வெளிவந்தன என்பதை இன்று கேட்போர் நம்பத் தயங்குவர். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைப் பெரும் பொருள் கொடுத்து வாங்குகின்றனர்.

தட்டின் மேற்பரப்பில் காண்பன வட்டக் கோடுகள் போலத் தோன்றும். ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் உள்ளன என்று வகுப்பிற் கேட்டால், நூறு என்றும் ஆயிரம் என்றும் விடை வரும். உண்மையில் உள்ளது ஒன்றே. விளிம்பிற் தொடங்கிச் சுருண்டு சுருண்டு நடுவே சென்று முடியும் ஒரே பள்ளம் அது. ஏர் உழுத சாலை ஒத்திருப்பதால், அதனைச் சால் என்றே அழைப்போம். இச்சாலின் இரு கரைகளிலும் உள்ள நெளிவுகளே பாட்டு. ஊசி அந்நெளிவுகளின் வழியே ஓடி அதிர்கிறது, அவ்வதிர்ச்சியே ஒலியாகிறது. இருபது நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் தட்டு ஏறத்தாழ 667 முறை சுழலும். ஒரு சுற்றின் சராசரி நீளம் 66 சென்டிமீட்டர் என்று கொண்டால், சாலின் மொத்த நீளம் 440 மீட்டர். அதாவது, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்ப் பயணத்தில் எந்த இடத்திலும் ஊசி தடுக்கி விழாமல் இருக்குமா என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

ஆராய்ச்சியைக் கண்ணிலிருந்து தொடங்கலாம். குழல்விளக்கின் பரந்த ஒளியில் தட்டைப் பார்ப்பது பயனற்றது. எல்லாத் தட்டும் அங்கே புதியதாகவே தோன்றும். ஒற்றை விளக்கின் கீழோ, சன்னல் வழியே விழும் வெயிலிலோ, விளிம்பையும் நடுச்சீட்டையும் மட்டும் பற்றிக்கொண்டு, தட்டைச் சிறிது சிறிதாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையிற் புகுத்தி எடுத்ததனால் உண்டான மெல்லிய மயிர்க்கோடுகள் தெரியும். அவை பெரும்பாலும் ஒலியைக் கெடுப்பதில்லை. ஆழமான கீறல் ஒளியில் வெண்மையாய் மின்னும். நகத்தின் முனைக்கும் தட்டுப்படும். கீறலின் நீளத்தைவிட அது செல்லும் திசையே முக்கியமானது. சால்களைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கீறல், சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று ஒலிக்கும். ஊசி அதைக் கடந்து போய்விடும். சாலோடு ஒட்டி, அதே திசையிற் சாய்ந்து செல்லும் கீறலோ ஊசியைப் பிடித்துப் பக்கத்துச் சாலுக்குத் தள்ளிவிடும். முன்சாலுக்குத் தள்ளினால் பாட்டில் ஒரு சொல் விழுங்கப்படும். பின்சாலுக்குத் தள்ளினால், நாம் முதலிற் சொன்ன வழக்கு உண்மையாகிவிடும்.

அடுத்துத் தட்டைக் கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்து விளிம்பை நோக்குங்கள். நெளிவு இருப்பின் அப்போது தெரியும். வெயிலில் நிறுத்திய வண்டியில் விட்டுவைத்த வினைல் தட்டு நெளிந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்வாய் அடுக்கிவைத்த தட்டும் அவ்வாறே. பின்னர் நடுச்சீட்டைப் பாருங்கள். துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் பல திசைகளில் ஓடினால், தட்டைச் சுழல்மேடையின் முளையில் மாட்டும்போது துளை எங்கே என்று தடவித் தடவி மாட்டியிருக்கிறார்கள் என்பது பொருள். எத்துணை முறை இத்தட்டு பாடியிருக்கும் என்பதற்கு அச்சிறு கோடுகள் சாட்சி. விற்பவர் 'இரண்டு முறைதான் போட்டோம்' என்று சொல்லும்போது, அச்சாட்சியையும் விசாரிக்கலாம்.

அரக்குத் தட்டுக்குக் கண்பார்வையின் இலக்கணம் சற்று வேறு. அதில் அரக்கோடு கல்மாவும் கலந்திருந்தது. எஃகு ஊசியின் முனையைச் சாலின் வடிவத்துக்குத் தேய்த்துக்கொள்ளவே அவ்வாறு கலந்தனர். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது ஊசி என்பது அந்நாளைய விதி. விதியைப் பின்பற்றாமல் ஒரே ஊசியைப் பல நாள் ஓட்டிய வீடுகளில் ஊசி தட்டைத் தேய்த்தது. அத்தகைய தட்டின் கருமை போய்ச் சால்கள் சாம்பல் நிறம் கொண்டிருக்கும். குரல் ஓங்கிய இடங்களில் அந்நிறம் மிகுதியாய்க் காணும். மேலும், அரக்குத் தட்டில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் இருக்கக்கூடும். நம் வீட்டுப் பெண்மணிகள் சந்தையிற் பானை வாங்கும்போது என்ன செய்கிறார்கள்? விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். தட்டின் துளையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, விளிம்பை மெல்லத் தட்டுங்கள். முழுத் தட்டு தெளிவாக ஒலிக்கும். விரிந்த தட்டு பிளந்த ஒலி தரும்.

கண்ணுக்கு இவ்வளவு தெரிந்தாலும், தீர்ப்பு காதினுடையதே. பளபளப்பாய் விளங்கும் வினைல் தட்டு ஒன்று பாடத் தொடங்கியதும் கரகரக்கலாம். மயிர்க்கோடுகள் நிறைந்த தட்டு தெளிவாகப் பாடலாம். இதற்குக் காரணம் தேய்மானம். தேய்ந்த ஊசியின் முனை உளியைப் போலாகிவிடும். அவ்வுளி சாலின் கரைகளில் உள்ள நுண்ணிய நெளிவுகளைச் செதுக்கித் தள்ளிவிட்டால், வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பழைய கைச்சாவிக் கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேற்பட்ட பாரத்தைத் தட்டின்மேல் ஏற்றியது. இக்காலத்து நல்ல கருவியில் ஊசி தாங்கும் பாரம் ஏறத்தாழ இரண்டு கிராமே. அவ்வெஃகு ஊசியின் கீழ் ஒரு முறை அகப்பட்ட நெடுந்தட்டு பிழைப்பது அரிது. 78 சுற்றுத் தட்டுக்குரிய ஊசிமுனையின் ஆரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. நெடுந்தட்டுக்குரியது ஆயிரத்தில் ஒரு பங்கு. இதற்கு அதையும் அதற்கு இதையும் மாற்றிப் போட்டால் தட்டின் தரத்தைச் சரியாகக் கேட்டறிய இயலாது.

காதால் தேரும்போது மூன்று வகை இரைச்சலைப் பிரித்தறியப் பழகுங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாய், ஒழுங்கின்றிச் 'சடசட' என்று வருவது பெரும்பாலும் தூசி, துடைத்தால் குறையும். ஒழுங்கான இடைவெளியில் வருவது கீறல். நெடுந்தட்டு ஒரு முறை சுழல 1.8 வினாடி ஆகும். ஆகவே கைக்கடிகாரத்தைப் பார்த்தே கீறலைக் கண்டுகொள்ளலாம். சால்கள் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஏறத்தாழ எண்பது முறை சுருண்டு செல்வதால், ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குறுக்குக் கீறல் எண்பது முறை, அதாவது இரண்டு நிமிடத்துக்கும் மேலாக, விடாமல் ஒலிக்கும். விரற்கடை அளவு கூட இல்லாத கீறல் ஒரு கீர்த்தனையின் அனுபல்லவி முழுவதையும் கெடுத்துவிடும் என்பதை இக்கணக்கால் உணரலாம். மூன்றாவது, குரலோ நாகசுரமோ ஓங்கும்போது மட்டும் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் கரகரப்பு. அது தேய்மானம். எந்தச் சோப்பும் எந்த நீரும் அதைப் போக்கா. விலை பேசும்போது மற்ற இரண்டையும் ஓரளவு மன்னிக்கலாம். மூன்றாவதை நான் மன்னிப்பதில்லை.

தேய்மானத்தை எங்கே தேட வேண்டும்? கடைக்காரர்கள் பெரும்பாலும் முதற்பாட்டைப் போட்டுக் காட்டுவர். நீங்கள் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். விளிம்பருகே ஒரு சுற்றின் நீளம் 92 சென்டிமீட்டர். நடுவருகே அது 41 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். இரண்டையும் ஊசி அதே 1.8 வினாடியில் கடக்கிறது. ஆகவே நடுப்பகுதியில் அதே அளவு இசையைப் பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டியதாகிறது. தேய்மானம் முதலில் வெளிப்படுவது அந்நெருக்கடியான இடத்தில்தான். துளை நடுவில் அமையாமல் சற்று விலகியிருப்பதும் ஒரு குறை. வீணை, புல்லாங்குழல் போன்றவற்றின் நீண்ட ஸ்வரங்களைக் கேட்டால், சுற்றுக்கு ஒரு முறை சுருதி ஏறி இறங்குவது தெரியும். கமகத்தை அறிந்த காது இதில் ஏமாறாது!

இனி, அறிந்ததைச் சொல்லும் முறை. அமெரிக்காவில் 'கோல்ட்மைன்' என்னும் இதழ் பரப்பிய தரவரிசையைச் சேகரிப்பாளர் பலர் ஏற்றுள்ளனர். 'மின்ட்' என்பது நாணயச்சாலையிலிருந்து அப்போதே வெளிவந்த காசைப் போன்றது. ஒரு முறையும் ஓடாதது. அதற்கு அடுத்தது 'நியர் மின்ட்'. பின்னர் 'வெரி குட் பிளஸ்', 'வெரி குட்', 'குட்', இறுதியில் 'புவர்'. ஆங்கிலம் படிக்கும் மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 'குட்' என்றால் நல்லது என்று எண்ணி வாங்கியவர், தொடக்கம் முதல் முடிவு வரை இரைச்சலோடு பாடும் தட்டைப் பெறுவார். தேர்வில் 'சுமார்' என்று போடக் கூசும் ஆசிரியர் 'முயற்சி நன்று' என்று எழுதுவது போன்றது அச்சொல். அவ்வரிசைப்படி, 'நியர் மின்ட்' தட்டின் விலையில் 'வெரி குட் பிளஸ்' ஏறத்தாழப் பாதி பெறும். 'வெரி குட்' காற்பங்கு பெறும். ஒரு 'பிளஸ்' குறியைச் சேர்த்தால் விலை இரட்டிக்கிறது. விற்பவரின் பேனா அங்கே சற்று நடுங்குவது இயல்பே.

பல்லாண்டுகள் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தியவன் நான். ஒரே விடைக்கு ஒருவர் எட்டும் மற்றொருவர் ஐந்தும் போடுவதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான், எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற குறிப்பை முன்கூட்டியே கையிற் கொடுத்துவிடுகிறார்கள். தட்டுக்கும் அதுவே வழி. தரச்சொல் ஒன்றை மட்டும் எழுதாமல், அத்தரத்துக்குக் காரணத்தையும் எழுதிவிட்டால் வழக்கு எழாது. சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர், தம் பாட்டனாரின் தட்டுப் பெட்டியை என்னிடம் கொண்டுவந்தார். எல்லாத் தட்டுகளுக்கும் 'நல்ல நிலை' என்று ஒரே சொல்லை எழுதி வைத்திருந்தார். இருவருமாக அமர்ந்து, இரண்டு மாலைகள் செலவிட்டு, ஒவ்வொன்றையும் கேட்டு எழுதினோம். 'முதற்பக்கம்: இரண்டாம் பாட்டில் ஏறத்தாழ அரை நிமிடம் கீறல் ஒலி, ஊசி தாண்டவில்லை. இரண்டாம் பக்கம்: தெளிவு. உறை: மேல்விளிம்பு கிழிந்துள்ளது, உரிமையாளர் பெயர் மையால் எழுதப்பட்டுள்ளது. கேட்டு மதிப்பிட்டது.' இவ்வளவு போதும். பக்கங்களைத் தனித்தனியே மதிப்பிட வேண்டும்; உறையையும் தனியே மதிப்பிட வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்து மதிப்பிட்டிருந்தால், அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அவ்வாறு எழுதியதில் விலை குறைந்ததே என்று அவர் முதலில் வருந்தினார். ஆனால் விற்ற தட்டு ஒன்றும் திரும்பி வரவில்லை.

அப்பெட்டியில் இருந்தவற்றுள் திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் பாடி 1963இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாத நெடுந்தட்டும் ஒன்று. அதற்குப் பெரிய விலை கிடைக்கும் என்று மாணவர் எதிர்பார்த்தார். பெருமை மிக்க தட்டுதான். ஆனால் எண்ணற்ற வீடுகளில் இருந்த தட்டு. எளிதிற் கிடைக்கும் பொருளுக்கு, நிலை மிகச் சிறந்திருந்தால் மட்டுமே விலை. நாள்தோறும் விடியற்காலையில் ஓடிய தட்டோ தேயாமல் இருப்பது அருமை. இதற்கு நேர்மாறாக, அப்பெட்டியின் அடியில் விளிம்பு விரிந்த அரக்குத் தட்டு ஒன்று கிடந்தது. சீட்டின் எழுத்து பாதி அழிந்திருந்தது. பாடியவர் பழைய நாடக மேடைப் பாடகர் ஒருவர் என்பது மட்டும் குரலால் விளங்கிற்று. தரவரிசையில் அது 'புவர்', விலை ஒன்றுமில்லை. 'எறிந்துவிடலாமா ஐயா?' என்று கேட்டார். கூடாதென்று தடுத்தேன்.

ஏனெனில் தரச்சொல் விலையைக் குறிப்பதேயன்றித் தட்டில் உள்ள குரலின் அருமையைக் குறிப்பதன்று. அச்சடிக்கப் பயன்பட்ட மூல உலோகத் தகடுகள் பல இன்று இல்லை. அத்தகைய பாட்டுக்கு, யார் வீட்டுப் பரணிலோ எஞ்சிய ஒரு தட்டே ஒரே பிரதியாக இருக்கக்கூடும். பம்பாயில் 'யங் இந்தியா' என்ற பெயரில் வெளிவந்த 78 சுற்றுத் தட்டுகள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின்கீழ் எண்முறைப் பதிவுகளாக மாற்றப்பெற்றன. அவை திரட்டப்பெற்றதும் தனிமனிதர் சேர்த்து வைத்திருந்தவற்றிலிருந்துதான். விரிசல் உள்ள தட்டும் தக்க ஊசியும் குறைந்த பாரமும் கொண்டு ஓட்டினால் பெரும்பாலும் பாடும். சுற்றுக்கு ஒரு 'டக்' கேட்கும்; அவ்வளவே. அதனைப் பதிவு செய்துகொண்ட பிறகு விற்பதோ வைத்திருப்பதோ உங்கள் விருப்பம்.

துடைப்பதைப் பற்றி ஒரு சொல். வினைல் தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீரும், அதிற் சில துளி மென்மையான சோப்பும், மெல்லிய துணியும் போதும். சாலின் திசையிலேயே துடைக்க வேண்டும், சீட்டு நனையலாகாது. கடற்கரை ஊர்களில் உறைக்குள் பூஞ்சணம் வெள்ளைப் புள்ளிகளாய்ப் படரும். அப்போது தட்டைத் துடைப்பதோடு உள்ளுறையையும் மாற்ற வேண்டும். அரக்குத் தட்டையோ ஸ்பிரிட்டால் ஒருபோதும் துடைக்காதீர்கள். தச்சர் நாற்காலிக்குப் பூசும் மெருகெண்ணெய் எவ்வாறு ஆகிறது? அரக்கை ஸ்பிரிட்டிற் கரைத்தே ஆகிறது. நாற்காலிக்கு அழகு தரும் அக்கரைசல், உங்கள் தட்டிலிருந்து உண்டானால் பாட்டு துணியோடு போய்விடும். விற்பதற்கு முன் பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசையில் இவ்வாறு அழிந்த தட்டுகள் பல.

விற்ற தட்டைத் தபாலில் அனுப்பும்போது, தட்டை அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு தனியாக அதன் பின்புறம் வைத்துக் கட்டுங்கள். உள்ளேயே விட்டால், வழியில் பொதி மோதும்போதெல்லாம் தட்டின் விளிம்பு உறையின் தையலைப் பிளந்துவிடும். இருபுறமும் கெட்டி அட்டை ஒன்று, தட்டைவிடச் சற்றுப் பெரியதாக, அமைய வேண்டும். அரக்குத் தட்டாயின் அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, அக்கட்டு ஒரு பெட்டிக்குள் நாற்புறமும் வைக்கோலோ காகிதமோ சூழ இருக்குமாறு அமைத்து, மேலே 'உடையும் பொருள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.